இடது காலுக்கு வேலையில்லாத கார்

2012 மழைக்காலத்தில் என் இடது முழங்கால் தகராறு செய்ய ஆரம்பித்தது. ஓய்வு பெற்று இரண்டு வருஷம்தான் ஆகியிருந்தது. எலும்பு மருத்துவர் எக்ஸ்ரேயை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துவிட்டு மூன்று கட்டளைகள் போட்டார். மாடிப்படி குறைக்க வேண்டும். தரையில் சம்மணம் கூடாது. கிளட்ச் மிதிக்கிற வண்டி கூடவே கூடாது. முதல் இரண்டையும் ஒப்புக்கொண்டு வந்துவிட்டேன். மூன்றாவதுதான் தூக்கத்தைக் கெடுத்தது.

அப்போது என்னிடம் இருந்தது மூன்றாம் கையாக வாங்கிய ஒரு பிரிமியர் பத்மினி. ஒரு நாள் சும்மா எண்ணிப் பார்த்தேன். டன்லப் ஸ்டாப்பிலிருந்து அம்பத்தூர் ஓ.டி. வருவதற்குள் கிளட்சை எழுபத்து மூன்று முறை மிதித்திருக்கிறேன். எம்.டி.எச். ரோடு அப்படி.

கார் இல்லாமல் இருந்துவிடலாம்தான். ஆனால் புதுச்சேரியில் என் அக்கா தனியாக இருந்தார். அத்தான் போய்ச் சில வருஷம் ஆகிவிட்டது, பிள்ளைகள் பிரான்சில். மாதம் ஒரு தடவையாவது நான் போய் மருந்து, பேங்க், கரண்ட் பில் எல்லாம் பார்த்துவிட்டு ஒரு நாள் இருந்துவிட்டு வருவேன். கோயம்பேட்டில் பஸ் ஏறும் படியின் உயரம் என் முழங்காலுக்குத் தெரியும். "டாக்ஸி வெச்சுக்கோங்கப்பா" என்றான் மகன். வைத்துப் பார்த்தேன். டிரைவர் வாசலில் காத்திருக்கிறார் என்றால் அக்கா பத்து நிமிஷத்துக்கு ஒரு தடவை, "தம்பி, அந்தப் பையனுக்குக் காப்பி கொடுத்தியா, சாப்பிட்டானா" என்று எழுந்து எழுந்து போவார். எங்களுக்குப் பேச்சே ஓடாது.

ஆகவே ஆட்டோமேடிக் கார். புதிதாக வாங்க வசதியில்லை. கிராஜுவிட்டியில் வீட்டு ஒழுக்கை அடைத்தது போக இரண்டு லட்சம் மிச்சம் இருந்தது. அவசரத்துக்கு என்று வைத்திருந்த பணம். "என்னங்க, இதுவா அவசரம்?" என்று மனைவி கேட்டார். பதில் சொல்லவில்லை.

தெருவில் விஷயம் தெரிந்ததும் ஆளாளுக்கு அறிவுரை. ஆட்டோமேடிக் பெட்ரோலைக் குடிக்கும். மேட்டில் ஏறாது. கியர் பெட்டி போனால் ரிப்பேர் செலவில் இன்னொரு கார் வாங்கலாம். நம் ஊர் மெக்கானிக்குகள் யாரும் தொடமாட்டார்கள். பழைய ஆட்டோமேடிக் வாங்குவது கிழட்டு யானையை வாங்குவது போல. இப்படிச் சொன்னவர்களில் ஒருவர்கூட ஆட்டோமேடிக் ஓட்டியதில்லை என்பது பிறகுதான் உறைத்தது.

இதில் ஒரு வேடிக்கை. எங்கள் எதிர் வீட்டில் இருந்தவர் ஆவடி டாங்கித் தொழிற்சாலையில் ஃபிட்டராக முப்பது வருஷம் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். அவர் மட்டும் சிரித்தார். "சார், நீங்க பயப்படற கியரு நாற்பது டன் இழுத்த சாமான் சார். நம்ம ஊர்லயே பண்ணினது" என்றார். அன்று சாயங்காலம் எங்கள் வீட்டுத் திண்ணையில் ஒரு எவர்சில்வர் தட்டு, ஒரு டம்ளர், மூன்று எலுமிச்சம்பழங்களை வைத்துக்கொண்டு பாடம் நடத்தினார்.

சாதாரண கியரில் பல்சக்கரங்களை நாம் தள்ளிப் பொருத்துகிறோம், விலக்குகிறோம். அதற்காகத்தான் கிளட்ச். ஆட்டோமேடிக்கில் பெரும்பாலும் வேறு ஏற்பாடு. நடுவில் ஒரு சக்கரம். அதைச் சுற்றி மூன்று நாலு சின்னச் சக்கரங்கள். அவற்றை வளைத்து உள்பக்கம் பல் வெட்டிய ஒரு வளையம். எல்லாம் எப்போதும் பொருந்தியேதான் இருக்கும். நடுச் சக்கரத்தைப் பிடித்து நிறுத்தினால் ஒரு வேகம், வளையத்தை நிறுத்தினால் வேறொரு வேகம், சின்னச் சக்கரங்களின் சட்டத்தை நிறுத்தினால் திசையே மாறிவிடும். எதையும் விலக்க வேண்டாம், எது நிற்க வேண்டும் என்று பிடித்தால் போதும். நடுவில் இருப்பதற்குச் சூரியன் என்றும் சுற்றி வருவனவற்றுக்குக் கிரகம் என்றுமே பெயர். காப்பி கொண்டுவந்த மனைவி, "நவக்கிரகத்தையும் நீங்க இரண்டு பேரும் விடலையா" என்று கேட்டுவிட்டு எலுமிச்சம்பழங்களை எடுத்துக்கொண்டு போனார். பாடம் முடிந்தது.

அதன் பிறகு நானே நூலகத்திலும் இணையத்திலும் தேடிப் படித்தேன். குமாஸ்தா புத்தி, ஒரு கோப்பைப் பிரித்தால் முதல் கடிதம் வரை போகாமல் விடாது.

கிளட்சுக்குப் பதிலாக எண்ணெயைக் கொண்டு சக்தியைக் கடத்தலாம் என்று கண்டவர் ஹெர்மன் ஃபோட்டிங்கர் என்ற ஜெர்மானியர். 1905-ல் கப்பல்களுக்காகக் காப்புரிமை பெற்றார். இரண்டு மின்விசிறிகளை எதிரெதிரே வைத்து ஒன்றை மட்டும் ஓட்டினால் மற்றது காற்றில் தானே சுற்றும் அல்லவா, அதே தத்துவம். காற்றுக்குப் பதில் எண்ணெய். அந்த எண்ணெய் இணைப்பையும் கிரகச் சக்கரங்களையும் ஒன்றாகச் சேர்த்து, பெரிய அளவில் விற்பனைக்கு வந்த முதல் முழு ஆட்டோமேடிக் கியரைக் கொண்டுவந்தது அமெரிக்காவின் ஜெனரல் மோட்டார்ஸ். 1939-ல் அறிவித்து, 1940 மாடல் ஓல்ட்ஸ்மொபீல் காரில் 57 டாலர் அதிகம் வாங்கிக்கொண்டு கொடுத்தார்கள். பெயர் ஹைட்ராமேடிக். உலகப்போர் வந்ததும் அந்தக் கியர் ராணுவத்துக்குப் போயிற்று. எம்-5 ஸ்டூவர்ட் என்ற இலகு ரக டாங்கியில் இரண்டு காடிலாக் எஞ்சின்கள், இரண்டு ஹைட்ராமேடிக் பெட்டிகள்.

இந்த இடத்தில்தான் நான் நிமிர்ந்து உட்கார்ந்தேன். 1948 நவம்பர் 1-ஆம் தேதி காஷ்மீரில் சோஜி லா கணவாயைப் பதினோராயிரம் அடி உயரத்தில் நம் ராணுவம் டாங்கிகளோடு ஏறிப் பிடித்தது. தளபதி திம்மய்யாவின் திட்டம். அவ்வளவு உயரத்தில் டாங்கி வரும் என்று எதிரி கனவிலும் நினைக்கவில்லை. ஏறியவை ஏழாவது கேவல்ரியின் எம்-5 ஸ்டூவர்ட் டாங்கிகள். கோவேறு கழுதை போகும் தடத்தை டாங்கி போகும் பாதையாக வெட்டிக் கொடுத்தவர்கள் மேஜர் தங்கராஜு தலைமையிலான மெட்ராஸ் சாப்பர்கள், நம்மவர்கள். மேட்டில் ஏறாது என்று என் தெருக்காரர்கள் சொன்ன சாமான், நாடு சுதந்திரம் பெற்ற அடுத்த வருஷமே பனியில் இமயமலை ஏறியிருக்கிறது.

ஆவடி விஷயத்துக்கு வருகிறேன். 1916-ல் போர்க்களத்துக்கு வந்த முதல் டாங்கியை வடிவமைத்த இருவரில் ஒருவர் வால்டர் கார்டன் வில்சன். கிரகச் சக்கரக் கியரில் அவருக்குத் தீராத பித்து. அவர் பெயரையும் மெரிட் என்பவர் பெயரையும் சேர்த்து மெரிட்-வில்சன் என்று அழைக்கப்பட்ட டி.என்.12 கியர்பெட்டிதான் 1960-களின் நடுவிலிருந்து ஆவடியில் கட்டிய விஜயந்தா டாங்கியில் இருந்தது. நான் அதே ஆவடியில் ஒரு மத்திய அரசு அலுவலகத்தில் உட்கார்ந்து எத்தனையோ வருஷம் பேரேடு எழுதியிருக்கிறேன். ஜன்னல் அதிர டிரெய்லரில் விஜயந்தா போகும். மை சிந்தாமல் மைக்கூட்டைப் பிடித்துக்கொள்வோம். அதன் வயிற்றில் இருந்தது என்னவென்று எதிர் வீட்டுக்காரர் சொல்லும்வரை தெரியாது.

அப்படியென்றால் நம் கார்களுக்கு ஏன் அது வரவில்லை? இதற்கும் ஆவடியில் ஒரு நூல் ஓடுகிறது. 1955 ஜனவரியில் ஆவடியில் காங்கிரஸ் மாநாடு. சோஷலிசப் பாணி சமுதாயம் என்ற தீர்மானம். அதை நான் குறை சொல்லமாட்டேன். என்னைப் போன்றவனுக்கு அரசு வேலை கிடைத்ததே அந்தக் காலத்துக் கொள்கையால்தான். ஆனால் கார் என்பது ஆடம்பரப் பட்டியலில் போய்ச் சேர்ந்தது. எத்தனை கார், எந்தக் கார், யார் செய்வது என்பதெல்லாம் லைசென்ஸ். அம்பாசடரும் ஃபியட்டும் ஸ்டியரிங்கை ஒட்டிய கியர் கம்போடு பல பத்தாண்டுகள் அப்படியே ஓடின. கார் கிடைத்தாலே பெரிது என்று புக் பண்ணிவிட்டு வருஷக்கணக்கில் காத்திருந்த காலத்தில் கிளட்ச் இல்லாத கார் வேண்டும் என்று கேட்க யாருக்குத் தோன்றும்?

அதே 1955-ல், அக்டோபரில், பாரிஸ் கார் கண்காட்சியில் சீத்ரோயன் கம்பெனி 'தே எஸ்' என்ற காரைத் திரை விலக்கிக் காட்டியது. முதல் நாள் முடிவதற்குள் பன்னிரண்டாயிரம் பேர் முன்பதிவு செய்தார்கள். அதில் கிளட்ச் மிதியே கிடையாது. ஸ்டியரிங்குக்குப் பின்னால் ஒரு சின்னக் குச்சி. அதை விரலால் நகர்த்தினால் எண்ணெய் அழுத்தம் கிளட்சையும் கியரையும் பார்த்துக்கொள்ளும். முழு ஆட்டோமேடிக் இல்லை, பாதி.

இதை நான் புத்தகத்தில் படித்துத் தெரிந்துகொள்ளவில்லை. புதுச்சேரியில் பிரெஞ்சு மொழியில் படித்தவன் நான். 1962 ஆகஸ்ட் 16-ல் புதுவை சட்டப்படி இந்தியாவோடு சேர்ந்தது. சரியாக ஆறு நாள் கழித்து, 22-ஆம் தேதி, பாரிஸ் அருகே பெத்தி கிளமார் என்ற இடத்தில் அதிபர் தெ கோல் போன 'தே எஸ்' காரைச் சுற்றிவளைத்துச் சுட்டார்கள். டயர்கள் துளைபட்டும் டிரைவர் நிறுத்தாமல் ஓட்டிக்கொண்டு போய்க் காப்பாற்றிவிட்டார். எனக்கு அப்போது பன்னிரண்டு வயது. பிரெஞ்சுப் பத்திரிகை ஒன்றில் அந்தக் காரின் படம் வந்திருந்தது. அக்காதான் காட்டினார். "தே எஸ் என்று சேர்த்துச் சொல்லிப் பாரு தம்பி, தெயெஸ். பிரெஞ்சில் தெய்வப் பெண் என்று அர்த்தம்" என்றார். கிளட்ச் இல்லாத கார் என்ற ஒன்று உலகத்தில் உண்டு என்று அன்றுதான் தெரியும். கியர் பாக்ஸுக்குப் பிரெஞ்சில் 'புவாத் த வித்தேஸ்' என்பார்கள். வேகங்களின் பெட்டி. தமிழில்கூட அப்படி வைத்திருக்கலாம்.

சரி, 2013-க்கு வருவோம். முதலில் ஒரு பழைய கார் வியாபாரியிடம் போனேன். எந்த இடம், என்ன கார் என்று சொல்லப்போவதில்லை. ஏழு வருஷம் ஆன ஆட்டோமேடிக். மீட்டரில் 62,000 கி.மீ. பளபளவென்று பாலிஷ். விலை ஒரு லட்சத்து தொண்ணூறு. எனக்குப் பிடித்துவிட்டது என்றுதான் சொல்ல வேண்டும். எதிர் வீட்டு நண்பர் பிரேக் மிதியின் ரப்பரைத் தடவிப் பார்த்தார். வழவழவென்று தேய்ந்திருந்தது. முகத்தைச் சுளித்தார். நான் எனக்குத் தெரிந்ததைச் செய்தேன். டாஷ்போர்டு பெட்டியில் இருந்த காகிதங்களை ஒவ்வொன்றாகப் பிரித்தேன். பழைய இன்ஷூரன்ஸ் தாளுக்குள் மடிந்து ஒரு பில். எஞ்சின் ஆயில் மாற்றியது, 2011-ல். கி.மீ. என்ற இடத்தில் 98,410 என்று எழுதியிருந்தது.

இரண்டு வருஷத்துக்கு முன் தொண்ணூற்றெட்டாயிரம் ஓடிய வண்டி இன்று அறுபத்திரண்டாயிரம். வியாபாரியிடம் பில்லைக் காட்டினேன். "அது வேற வண்டி பில்லா இருக்கும் சார்" என்றார். பில்லில் இதே வண்டி நம்பர். பிறகு அவர் பேசவில்லை, நாங்களும் பேசவில்லை. வெளியே வந்து இளநீர் குடித்தோம். கை கொஞ்சம் நடுங்கியது. அந்த இரண்டு லட்சம் போயிருந்தால் அடுத்தது எனக்கு இல்லை.

நண்பர் அப்போது ஒன்று சொன்னார். "சார், ஓடின வண்டிக்கு பயப்படாதீங்க. ஆட்டோமேடிக் வண்டி சிட்டியில நின்னு நின்னு ஓடினா சீக்கிரம் கிழவியாயிடும். ஹைவேல ஒரே சீரா ஓடினா லட்சம் ஒரு கணக்கே இல்லை. எவ்வளவு ஓடிச்சுன்னு பார்க்காதீங்க, எங்கே ஓடிச்சுன்னு பாருங்க."

இரண்டு மாதம் கழித்துப் பூந்தமல்லியில் ஒரு வண்டி இருப்பதாகத் தெரிந்தது. மிட்சுபிஷி லான்சர். 1.8 லிட்டர் பெட்ரோல், ஆட்டோமேடிக். 2005 பதிவு. மீட்டரில் 1,42,000.

லான்சர் என்றதும் நண்பருக்கு முகம் மலர்ந்தது. மேற்கே இருக்கும் நமக்கு அது பக்கத்து ஊர்க் கார். இந்துஸ்தான் மோட்டார்ஸ் என்றால் எல்லோருக்கும் கல்கத்தா அருகே உத்தர்பாராவும் அம்பாசடரும்தான் ஞாபகம் வரும். அவர்களுக்குத் திருவள்ளூரைத் தாண்டி, கடம்பத்தூர் பக்கம் ஒரு தொழிற்சாலை 1971-லிருந்தே உண்டு. முதலில் மண் வாரும் இயந்திரங்கள், பெரிய டம்பர்கள் செய்தார்கள். 1998-ல் ஜப்பான் மிட்சுபிஷியோடு சேர்ந்து அங்கே லான்சர் காரைக் கட்டத் தொடங்கினார்கள். அதே வருஷம்தான் பூந்தமல்லியைத் தாண்டிய இருங்காட்டுக்கோட்டையில் சான்ட்ரோ வந்தது. ஒரே வருஷத்தில் நம் இரண்டு நெடுஞ்சாலைகளிலும் புதுக் கார்களை ஏற்றிய நீள டிரெய்லர்கள் ஓட ஆரம்பித்துவிட்டன. கார் வாங்கப் பத்து வருஷம் காத்திருந்த ஊர்தானா இது என்று பஸ்ஸில் போகும்போது பார்த்துக்கொண்டே போவேன்.

லான்சர் பார்வைக்குச் சாதுவான குடும்பக் கார். நாலு கதவு, பின்னால் டிக்கி. ஆனால் அந்தப் பெயருக்குப் பின்னால் புழுதி கிளப்பிய வரலாறு ஒன்று இருக்கிறது. கிழக்கு ஆப்பிரிக்காவின் சஃபாரி ராலி, உலகிலேயே மிகக் கடினமான கார்ப் பந்தயங்களில் ஒன்று. 1974-லும் 1976-லும் அதை லான்சரில் ஜெயித்தவர் கென்யாவில் வாழ்ந்த நம் நாட்டு வம்சாவளிச் சீக்கியர் ஜோகிந்தர் சிங். அதற்கு முன்பே 1965-ல் வோல்வோவில் ஒரு முறை ஜெயித்தவர். பறக்கும் சீக்கியர் என்பார்கள். பிறகு 1996 முதல் 1999 வரை நாலு வருஷம் தொடர்ந்து ஃபின்லாந்துக்காரர் டாமி மாக்கினன் உலக ராலிச் சாம்பியன், லான்சர் எவல்யூஷனில். குடும்பக் கார் உடம்பில் பந்தயக் கார் உயிரை வைத்தால் அதுதான் ஸ்போர்ட்ஸ் செடான்.

கார்ப் பந்தயம் நமக்கும் புதிதல்ல. சோழவரத்தில் உலகப்போர்க் கால விமான ஓடுபாதையில் மெட்ராஸ் மோட்டார் ஸ்போர்ட்ஸ் கிளப் நடத்திய பந்தயங்களை இதைப் படிக்கும் அம்பத்தூர், செங்குன்றம் பெரியவர்கள் பலர் வெயிலில் நின்று பார்த்திருப்பீர்கள். நானும் ஒரு முறை செங்குன்றம் வழியாக பஸ் பிடித்துப் போய்க் காதடைத்துத் திரும்பினேன். 1990-ல் இருங்காட்டுக்கோட்டையில் தனிப் பந்தயத் தடம் வந்துவிட்டது.

பூந்தமல்லிக்காரர் ஒரு தனியார் கம்பெனி அதிகாரி. அம்பத்தூரில் இருந்தபோது வாங்கி, தினம் ஸ்ரீபெரும்புதூர் போய்வந்த வண்டி. ஒரு கோப்புறையைக் கொண்டுவந்து வைத்தார். எட்டு வருஷத்து சர்வீஸ் பில்கள், தேதி வரிசையில். எனக்குப் பாதி மனசு அங்கேயே போய்விட்டது. பேப்பரில் கணக்குப் போட்டேன். எட்டு வருஷத்துக்கு 1,42,000 என்றால் வருஷத்துக்கு 17,750. போக வர அறுபது கி.மீ., வேலை நாள் முந்நூறுக்குச் சற்றுக் குறைவு என்றால் கணக்கு இடிக்கவில்லை. ஒவ்வொரு பில்லிலும் கி.மீ. ஏறிக்கொண்டே போகிறது, எங்கும் இறங்கவில்லை. ஒரு இடத்தில் மட்டும் இடைவெளி: ஆட்டோமேடிக் கியர் எண்ணெய் மாற்றி அறுபதாயிரம் கி.மீ.க்கு மேல் ஆகியிருந்தது. கேட்டேன். "உண்மைதான் சார், மாற்றியிருக்கணும், விட்டுட்டேன்" என்றார். அந்த ஒரு வாக்கியத்துக்காகவே அவரை நம்பினேன்.

நண்பர் வண்டியை ஆறின எஞ்சினோடுதான் பார்ப்பேன் என்று காலை ஆறரைக்கே வரச் சொல்லியிருந்தார். சூடான எஞ்சின் பல குறைகளை மறைத்துவிடுமாம். கியர் எண்ணெய்க் குச்சியை உருவி வெள்ளைத் துணியில் துடைத்தார். புதிதாக இருந்தால் ரோஜா சர்பத் நிறம். கருகின வாசனையோடு கறுப்பாக இருந்தால் அப்படியே திரும்பி வந்துவிட வேண்டும். இது பழுப்பு. தீய்ந்த வாசனை இல்லை. "கிழம், ஆனா நோயில்லை" என்றார். பிரேக்கை மிதித்துக்கொண்டு டி-யில் போட்டால் வண்டி ஒரு நொடிக்குள் லேசாக முன்னால் சாய வேண்டும். ஆர்-ல் போட்டால் 'டங்' என்று இடிக்கக் கூடாது. சமதளத்தில் பிரேக்கை விட்டால் தானே ஊர வேண்டும். பாலத்து ஏற்றத்தில் நிறுத்தி எடுத்தால் எஞ்சின் மட்டும் அலறி வண்டி தயங்கக் கூடாது. எல்லாவற்றையும் பார்த்துவிட்டுப் பெங்களூர் நெடுஞ்சாலையில் விட்டார். திடீரென்று ஆக்ஸிலரேட்டரை அடிவரை அழுத்தினார். லான்சர் ஒரு கணம் மூச்சை இழுத்துக்கொண்டு பாய்ந்தது பாருங்கள், அறுபத்து மூன்று வயதில் நான் வாய்விட்டுச் சிரித்தேன்.

அவர் கேட்டது இரண்டு லட்சத்துப் பத்தாயிரம். ஒரு லட்சத்து எழுபத்தைந்துக்கு முடிந்தது. அவ்வளவு குறைந்ததற்குக் காரணம் ஆட்டோமேடிக் என்ற பயமும் லட்சத்தைத் தாண்டிய மீட்டரும்தான். ஃபாரம் 29, ஃபாரம் 30, வங்கிக் கடன் தீர்ந்ததற்கு ஃபாரம் 35. நானே நிரப்பினேன். என் கையெழுத்தைப் பார்த்து ஆர்.டி.ஓ. அலுவலகக் கிளார்க், "சார் எந்த டிபார்ட்மென்ட்?" என்று கேட்டார். ரிட்டையர் ஆன பிறகு எனக்குக் கிடைத்த பெரிய மரியாதை அது.

முதல் செலவு கியர் எண்ணெய். அடைப்பைத் திறந்தால் முழு எண்ணெயும் வராது. ஒரு பகுதி உள்ளே தங்கிவிடும். பழைய பெட்டியில் ஒரேயடியாக எல்லாவற்றையும் கழுவிவிட்டால் சில சமயம் அதுவே கெடுதலாகிவிடும் என்று நண்பர் சொல்லி, சில வார இடைவெளியில் மூன்று தடவை கொஞ்சம் கொஞ்சமாக மாற்றினோம். ஆறாயிரத்துச் சொச்சம் ஆயிற்று. தெருக்காரர்கள் சொன்னதில் ஒன்று மட்டும் நிஜம்: பெட்ரோல். லிட்டருக்கு ஒன்பது, ஒன்பதரை. புதுச்சேரி போய்வர இரண்டாயிரத்து ஐந்நூறு. அதைப் பென்ஷனிலிருந்து ஒதுக்க, காலைப் பத்திரிகை இரண்டாக இருந்ததை ஒன்றாக்கினேன்.

2014 பிப்ரவரியில் மாருதி செலேரியோ வந்தது. சாதாரண கியர் பெட்டிதான், கிளட்சையும் கியரையும் ஒரு கருவி பார்த்துக்கொள்ளும். புது வண்டி, நாலு லட்சத்துக்குச் சற்று மேல், மைலேஜும் கொடுக்கும் என்றார்கள். அதன் பிறகுதான் நம் ஊரில் ஆட்டோமேடிக் பயம் தெளிந்தது. "மாமா, ஆறு மாசம் பொறுத்திருந்தா புதுசே எடுத்திருக்கலாம்" என்றான் மைத்துனன். நாலு லட்சம் எங்கிருந்து வரும் என்று அவன் சொல்லவில்லை. ஆறு மாதத்தில் அக்காவிடம் ஆறு முறை போய்வந்திருந்தேன்.

முதல் முறை போனபோது அக்கா வாசலுக்கு வந்து வண்டியைச் சுற்றிப் பார்த்தார். கண்ணாடி வழியே குனிந்து கீழே பார்த்து மிதிகளை எண்ணினார். இரண்டு. "தே எஸ் மாதிரி அழகா இல்லை தம்பி. ஆனா கிளட்ச் இல்லை இல்லே?" என்றார். கடற்கரைச் சாலைக்குக் கூட்டிக்கொண்டு போய் டூப்ளே சிலை வரை போய்வந்தோம். பிறகு ஒவ்வொரு மாதமும் அது வழக்கமாயிற்று. டிரைவர் என்று யாரும் இல்லாததால் அக்கா நிதானமாகப் பேசினார். அம்மாவைப் பற்றி எனக்குத் தெரியாத எவ்வளவோ விஷயங்கள் அந்த முன்சீட்டில்தான் தெரிந்தன.

2019 அக்டோபரில் அக்கா போய்விட்டார். மறு வருஷம் வண்டிக்குப் பதினைந்து வயது முடியப்போகிறது, எஃப்.சி. காட்டி ஆர்.சி.யைப் புதுப்பிக்க வேண்டும். எனக்கு அதற்கு மேல் எங்கே போக வேண்டும்? 2020 ஜனவரியில், மீட்டரில் 1,79,000 இருந்தபோது, பட்டாபிராம் பையன் ஒருவன் வந்து பார்த்தான். லான்சர் மேல் பைத்தியம். என் கோப்புறையைக் கொடுத்தேன். ஏழு வருஷத்துப் பில் அதில் சேர்ந்திருந்தது. கியர் பெட்டியை ஒரு முறையும் பிரிக்கவில்லை. அவன் கி.மீ.யைப் பார்க்கவே இல்லை, பில்களைத்தான் பார்த்தான். எதிர் வீட்டு நண்பர் அப்போது படுக்கையில். ஜன்னல் வழியே வண்டி போகும் சத்தத்தைக் கேட்டுவிட்டு, "கியர் நல்லா விழுது சார்" என்றார்.

கடம்பத்தூர்த் தொழிற்சாலைக்கும் கைமாறும் காலம் வந்திருந்தது. உத்தர்பாராவில் அம்பாசடர் 2014 மே மாதத்தோடு நின்றது. 2017-ல் அம்பாசடர் என்ற பெயரையே எண்பது கோடி ரூபாய்க்கு பிரான்சின் பெழோ-சீத்ரோயன் குழுமம் வாங்கியது. அதே பிரெஞ்சுக்காரர்கள் பிர்லா குழுமத்தோடு சேர்ந்து திருவள்ளூர் ஆலையைப் புதுப்பித்தார்கள். 2021-ல் அங்கிருந்து சீத்ரோயன் சி-5 ஏர்கிராஸ் வெளிவந்தது, எட்டு வேக ஆட்டோமேடிக் கியரோடு. பாரிஸில் 'தே எஸ்' திரை விலகி அறுபத்தாறு வருஷம். அக்கா இன்னும் இரண்டு வருஷம் இருந்திருந்தால் சொல்லியிருப்பேன்.

சென்ற மாதம் ஆவடி செக்போஸ்ட் சிக்னலில் பேரன் வண்டியில் நானும் மனைவியும் நின்றிருந்தோம். பக்கத்தில் புதுக் கார்களை அடுக்கிய ஒரு டிரெய்லர் வந்து நின்றது. ஒவ்வொன்றின் மூக்கிலும் ஒன்றன்மேல் ஒன்றாக இரண்டு கவிழ்த்த 'வி'. "அது என்ன, கூரை மாதிரி?" என்று மனைவி கேட்டார். கூரை இல்லை, பல்சக்கரம் என்றேன். அந்தக் கம்பெனியைத் தொடங்கிய ஆந்த்ரே சீத்ரோயன் கார் செய்வதற்கு முன்பு கியர் சக்கரம்தான் செய்துகொண்டிருந்தார். 1900-ல் போலந்து போனபோது அங்கே 'வி' வடிவத்தில் பல் வெட்டிய சக்கரங்களைப் பார்த்து, அதன் உரிமையை வாங்கிவந்து பாரிஸில் பட்டறை போட்டார். அந்தப் பல்லைத்தான் பிறகு காரின் முகத்தில் வைத்தார்.

மனைவி கொஞ்ச நேரம் டிரெய்லரையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு, "நம்ம லான்சர்ல இருந்த நவக்கிரகம் இதுலயும் இருக்குமா?" என்று கேட்டார். இருக்கும் என்றேன். சிக்னல் விழுந்தது.